லிஃப்சிட்ஸின் மறுப்பும் விண்மீன் திரள்களின் தோற்றமும்: ஈர்ப்பு நிலையின்மைக் கொள்கையின் வரலாறு

விரியும் பேரண்டத்தில் விண்மீன் திரள்கள் எவ்வாறு உருவாயின என்னும் வினாவிற்கு இன்று ஏற்கப்பட்டுள்ள விடை ஈர்ப்பு நிலையின்மைக் கொள்கையாகும். இக்கொள்கை நியூட்டனில் தொடங்கி நேர்கோட்டில் வளர்ந்ததாகக் கருதுவது எளிது. ஆனால் விரியும் பேரண்டத்திற்கு அதனை முதன்முதலில் முறையாகப் பொருத்திப் பார்த்தவரே அது பயன்படாது என்று முடிவு கூறினார். அம்மறுப்பில் நிலைத்தது எது, வீழ்ந்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையற்ற வெளியில் சீராகப் பரவிய பொருள் தன் ஈர்ப்பால் பல திரள்களாகக் கூடும் என்று 1692இல் ரிச்சர்டு பெண்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் நியூட்டன் குறிப்பிட்டார். 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் இக்கருத்திற்குக் கணித வடிவம் அளித்தார். வாயுத்தொகுதி குறிப்பிட்ட அளவை மிஞ்சினால் அதன் அழுத்தம் ஈர்ப்பைத் தடுக்க இயலாது. அடர்த்தி மிகுதி மடங்கு மடங்காகப் பெருகும். அவர் எடுத்துக்கொண்டதோ அசையா ஊடகம். ஈர்ப்பிற்கு உட்பட்ட ஊடகம் அவ்வாறு அசையாதிருக்க முடியாது என்பதால், பின்வந்தோர் இவ்வழியை ‘ஜீன்ஸின் மோசடி’ என்றே அழைத்தனர்.

பேரண்டம் விரிகிறது என்பது நிலைபெற்றபின், லாண்டாவின் மாணவரான யெவ்கெனி லிஃப்சிட்ஸ் 1946இல் பொதுச் சார்பியலின் அடிப்படையில் இக்கணக்கை மீண்டும் செய்தார். ஈர்ப்பு பொருளைக் கூட்டுகிறது. விரிவு அதனைப் பிரிக்கிறது. ஆகவே வளர்ச்சி மிக மெதுவானது. பொருள் மேலோங்கிய காலத்தில் பேரண்டம் 10 மடங்கு விரிந்தால் அடர்த்தி ஏற்றத்தாழ்வும் 10 மடங்கே பெருகும். ஒரு பெரிய விண்மீன் திரளில் ஏறத்தாழ 10இன் 68ஆம் அடுக்கு எண்ணிக்கையில் அணுக்கள் உள்ளன. அணுக்களின் தற்செயல் அசைவால் எழும் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ், அதாவது 10இன் 34ஆம் அடுக்கில் ஒரு பங்கு. இத்தகைய வித்திலிருந்து திரள்கள் தோன்றப் போதிய காலம் இல்லை. 1957இல் வில்லியம் பானர் நியூட்டனின் இயக்கவியலைக் கொண்டே இதே இடர்ப்பாட்டை அடைந்தார்.

கணக்கில் பிழையில்லை. தொடக்க ஏற்றத்தாழ்வு தற்செயல் அசைவின் அளவினதாகவே இருத்தல் வேண்டும் என்ற எடுகோளே வீழ்ந்தது. அது நிறுவப்பட்ட உண்மையன்று. வேறு வித்து எதையும் கருத முடியாத நிலையில் இயல்பாகப் புகுந்தது. வித்து வலிமையாக இருந்ததெனில் அதன் தடயம் எங்கே என்ற அடுத்த வினாவே வரலாற்றைத் திருப்பியது.

1965இல் பென்சியாஸும் வில்சனும் அண்டப் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜிம் பீபிள்ஸ் அக்கதிர்வீச்சைத் திரள்களின் தோற்றத்தோடு இணைத்துக் கணக்கிட்டார். பேரண்டத்திற்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆகும்வரை கதிர்வீச்சின் அழுத்தம் வாயுவைக் கூடவிடவில்லை. அதன்பின் பேரண்டம் ஏறத்தாழ 1,100 மடங்கு விரிந்துள்ளது. எனவே லிஃப்சிட்ஸின் விதிப்படி வாயுவின் ஏற்றத்தாழ்வு பெருகியிருக்கக்கூடியதும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கே. மறுப்பாகப் பிறந்த விதி இங்கே அளவுகோலாயிற்று. அக்காலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வேனும் இருந்திருத்தல் வேண்டும். அது கதிர்வீச்சின் வெப்பநிலையிலும் பதிந்திருத்தல் வேண்டும். 1970கள் முழுவதும் தேடியும் அது கிட்டவில்லை.

ஒளியோடு வினைபுரியாத பொருள் கதிர்வீச்சின் தடைக்கு உட்படாது. அது முன்னதாகவே கூடத் தொடங்கும், வாயு பின்னர் அதனுள் விழும். நியூட்ரினோவே அப்பொருள் என்ற எண்ணம் சிலகாலம் நிலவியது. 1983இல் வைட், ஃபிரெங்க், டேவிஸ் ஆகியோரின் கணினி ஆய்வு அதனை விலக்கியது. அதற்கு முந்திய ஆண்டே பீபிள்ஸ் மெதுவாக இயங்கும் குளிர் கரும்பொருளை முன்மொழிந்திருந்தார். வித்துகளின் மூலம் தொடக்கக் கணத்தின் குவாண்டம் அலைவுகள் என்ற கருத்தை முகானோவும் சிபிசோவும் 1981இல் வெளியிட்டனர்.

1992இல் கோபே செயற்கைக்கோள் குழுவினர் வெப்பநிலை வேறுபாட்டைக் கண்டறிந்தனர்: அது இலட்சத்தில் ஒரு பங்களவே. இதனை ஆயிரம் மடங்காகப் பெருக்கினால் நூற்றில் ஒரு பங்கே கிடைக்கும். சாதாரணப் பொருள் மட்டுமே இருந்திருப்பின், திரள்கள் இன்றளவும் தோன்றியிரா. கரும்பொருளுக்கான வலுவான சான்றுகளுள் ஒன்று இப்பற்றாக்குறையே.