வீட்டு வழங்கியின் இணைய அணுக்கம்

வீட்டு வழங்கியின் இணைய அணுக்கம் என்பது ஒருவர் தம் வீட்டில் இயக்கும் வழங்கிக் கணினியை வெளியிலிருந்து இணையம் வழியாக அணுகத்தக்கதாக அமைத்தல் ஆகும். வலைத்தளம், ஒளிப்படங்கள், கோப்புகள் ஆகியவற்றைப் பிற நிறுவனங்களின் வழங்கிகளில் வைக்காமல் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோர் இதனைச் செய்கின்றனர். பழைய மேசைக்கணினியோ ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியோ இதற்குப் போதுமானது.

தடைக்கான காரணம்

இணையத்தில் இணைந்த எந்தக் கணினியும் வேறெந்தக் கணினியுடனும் நேரடியாகத் தொடர்பு கொள்ளலாம் என்பதே இணையத்தின் தொடக்கக்காலக் கோட்பாடு. ஆனால் இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் நீளமுடையது. எனவே ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள்ளன. இப்பற்றாக்குறைக்குத் தீர்வாக 1994 இல் பிணைய முகவரி பெயர்ப்பு முன்மொழியப்பட்டது. இம்முறையில் வீட்டிலுள்ள கருவிகள் 192.168 எனத் தொடங்குவன போன்ற உள் முகவரிகளைப் பெறுகின்றன. வெளியே திசைவியின் ஒரே பொது முகவரி மட்டும் தெரியும்.

உள்ளிருந்து செல்லும் வேண்டுகோளைத் திசைவி குறித்து வைத்து, அதற்கான மறுமொழியை உரிய கருவியிடம் சேர்க்கிறது. வெளியிலிருந்து புதிதாக வரும் வேண்டுகோளை எக்கருவிக்கு அனுப்புவது என்பது அதற்குத் தெரியாததால் அதனைக் கைவிடுகிறது.

வழிமுறை

1. வழங்கிக்கு மாறாத உள் முகவரி ஒன்றைத் திசைவியில் ஒதுக்குதல்.
2. வாயில் முன்னனுப்பல்: போர்ட் எனப்படும் வாயில்கள் 0 முதல் 65535 வரை எண்ணிடப்பட்டவை. பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்குரிய 443 ஆம் வாயிலுக்கு வரும் வேண்டுகோள்களை வழங்கியின் உள் முகவரிக்கு அனுப்புமாறு திசைவியில் விதி எழுதப்படுகிறது.
3. பெயரிடல்: வீட்டு இணைப்பின் பொது முகவரி அவ்வப்போது மாறக்கூடும். ஆள்களப் பெயரைப் புதிய முகவரியுடன் தானாக இணைக்க இயங்குநிலை ஆள்களப் பெயர்ச் சேவை பயன்படுகிறது.
4. சோதித்தல்: சில திசைவிகளில் வீட்டினுள்ளிருந்து பொது முகவரி வழியாக வழங்கியை அடைய இயலாது. எனவே செல்பேசி இணைப்பு போன்ற வெளி இணைப்பிலிருந்து சோதிக்க வேண்டும்.

சேவை வழங்குநரின் முகவரி பெயர்ப்பு

2011 பெப்ரவரி 3 அன்று நான்காம் பதிப்பின் கடைசி ஐந்து பெரும் முகவரித் தொகுதிகள் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பல சேவை வழங்குநர்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றனர். இதற்கென 2012 இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகள் ஒதுக்கப்பட்டன. இங்கே இரண்டாவது பெயர்ப்பு வழங்குநரின் கருவியில் நிகழ்வதால், வீட்டுத் திசைவியில் எழுதும் விதி மட்டும் பயன் தராது. திசைவி காட்டும் வெளி முகவரியும் வெளியுலகு காணும் முகவரியும் வேறுபட்டால் இந்நிலை உள்ளதென அறியலாம்.

இதற்கு மூன்று மாற்று வழிகள் உள்ளன:

* வழங்குநரிடமிருந்து தனிப் பொது முகவரி பெறுதல்.
* 128 பிட் முகவரிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பைப் பயன்படுத்துதல். இதில் பெயர்ப்பு தேவையில்லை. தீச்சுவரில் அனுமதி அளித்தால் போதும். ஆயினும் அணுகுபவரிடமும் ஆறாம் பதிப்பு இணைப்பு இருக்க வேண்டும்.
* பொது முகவரியுடைய வாடகை வழங்கி ஒன்றுக்கு வீட்டிலிருந்து சுரங்க இணைப்பு ஏற்படுத்துதல். 2020 இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு இதற்கு உதவும்.

பாதுகாப்பு

திறந்த வாயில் உரியவருக்கு மட்டுமன்றி உலகம் முழுமைக்கும் திறந்ததாகும். திறந்த வாயில்களைத் தானியங்கி நிரல்கள் இடைவிடாது தேடுகின்றன. 2016 இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்பு ஒளிப்படக்கருவிகளையும் வீட்டுத் திசைவிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டின் என்னும் ஆள்களப் பெயர்ச் சேவை நிறுவனத்தை முடக்கிய தாக்குதலில் அக்கருவிகள் பயன்பட்டன.

ஆகவே தேவையான வாயிலை மட்டுமே திறத்தல், மென்பொருளை இற்றைப்படுத்தல், தொலை நுழைவுக்குக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக மறைத்திறவி பயன்படுத்தல் ஆகியன இன்றியமையாதவை. மறையீட்டுச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் இலவசமாக வழங்குகிறது. குடும்பத்தினர் மட்டும் பயன்படுத்தும் வழங்கியாயின், வலைச்சேவையைப் பொதுவில் திறவாமல் மெய்நிகர் தனிப் பிணையம் வழியாக அணுகுவதே பாதுகாப்பானது. சில சேவை வழங்குநர்களின் ஒப்பந்தங்கள் வீட்டு இணைப்பில் வழங்கி இயக்குவதைத் தடை செய்வதால் அவற்றையும் முன்னரே பார்த்தல் வேண்டும்.