பாலாறு யார் கணக்கில்?



எங்களுக்கு 'சுற்றுச்சூழல் கல்வி' என்று ஒரு பேப்பர் உண்டு. பி.காம். படிக்கிறவனுக்கு இது எதுக்குடா என்று வகுப்பில் பாதிப் பேர் புலம்பினோம். முந்தின நாள் ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸைப் புரட்டிவிட்டுப் போய் எழுதினால் பாஸ். அதில் 'நீர் மாசுபாட்டின் காரணங்கள் யாவை?' என்று ஒரு கேள்வி. மக்கள்தொகைப் பெருக்கம், விழிப்புணர்வு இல்லாமை, தொழிற்சாலைக் கழிவு என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'நாம் அனைவரும் சேர்ந்து நீரைக் காப்போம்' என்று முடித்தேன். நல்ல மார்க்தான் வந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அம்மாவின் ஊர் ஆம்பூர் பக்கம், பாலாற்றுக்கு அருகே. தாத்தாவின் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அந்தக் கிணறு கெட்டது தாத்தாவுக்கு விழிப்புணர்வு இல்லாததாலா?

சரி, கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

வேலூர் வட்டாரத்தில் தோல் பதனிடுதல் நேற்று வந்த தொழில் இல்லை. ஆவாரம்பட்டை போட்டு ஊறவைத்துப் பதப்படுத்தி, பாதி பதனிட்ட தோலாகவே வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே அதை ஷூவாகவும் பையாகவும் மாற்றி விற்று லாபம் பார்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, கச்சாத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அனுப்புவதைக் குறைத்து, முழுதாகத் தயாரித்த தோலையே ஏற்றுமதி செய்யச் சொன்னது. 1973 முதல் கொள்கை அந்தத் திசையில் திரும்பியது.

காமர்ஸ் மாணவனாக எனக்கு இது பிரமாதமான யோசனையாகத்தான் தெரிகிறது. மதிப்புக் கூட்டல், அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு எல்லாம் வந்தது. ஆனால் கூடவே குரோமியமும் வந்தது. பட்டையில் பல நாள் ஆகும் வேலை குரோமியத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். அதே காலத்தில் மேலை நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டங்கள் கடுமையாகிக்கொண்டிருந்தன. அழுக்கான வேலை நம் பக்கம் நகர்ந்தது, பளபளப்பான ஷூ அவர்கள் கடையில் இருந்தது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்சநீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. அதில் வரும் எண்களைப் பாருங்கள்: ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள். தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ். அதே தீர்ப்பு, நாட்டின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டுடையது என்பதையும் சொல்கிறது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்திய சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அறிவித்தது இந்த வழக்கில்தான். தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிட ஓர் ஆணையம்.

காஸ்ட் ஷீட் போடத் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். தோல் விலை, ரசாயனம், கூலி, கரண்ட், வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு. தாத்தாவின் கிணற்றுக்கு மட்டும் வரி இல்லை. செலவு இல்லாமல் இல்லை, அதை வேறொருத்தர் தலையில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படி 'யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், யார் முடிவெடுத்தது' என்று கேட்டுச் சூழல் கேட்டைப் படிப்பதற்கு அரசியல் சூழலியல் என்று பெயர். பியர்ஸ் பிளேய்க்கி என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1985-ல் மண் அரிப்பு பற்றி எழுதிய புத்தகம் இந்தத் துறையின் ஆரம்ப நூல்களில் ஒன்று. விவசாயிக்கு அறிவு போதாததால்தான் மண் போகிறது என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. அவனை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று கேட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. கல்வியில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதும் அதே 1991-ல்தான். நாங்கள் புலம்பிய அந்தப் பேப்பரின் பூர்வீகம் அது. ஒரே வருஷம், ஒரே நீதிமன்றம். ஆனால் நான் படித்த நோட்ஸில் பாலாறு இல்லை. குழாயை மூடு, மரம் நடு, பிளாஸ்டிக் பையை மறு. எல்லாம் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் வாளியில் மிச்சம் பிடிக்கிற தண்ணீரால் 35,000 ஹெக்டேர் திரும்பி வராது. 'நாம் அனைவரும்' என்று எழுதும்போது குற்றம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு பிரிந்துவிடுகிறது. யார் பெயரும் சொல்ல வேண்டியதில்லை!

அதற்காக 'எல்லாவற்றையும் இழுத்து மூடு' என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் மாமா ஒரு தோல் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். என் முதல் வருஷ ஃபீஸ் அவர் கட்டியது. தாத்தாவின் கிணறு போனதும் அந்தத் தொழிலால், நான் காலேஜ் போவதும் அந்தத் தொழிலால். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். செலவு இந்தத் தடவையும் கீழே இருப்பவன் தலையில்தான் விழுந்தது.

2025 ஜனவரி 30-ல் உச்சநீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு. வழக்குப் போட்டு 34 வருஷம்!

அந்தக் கேள்வி மறுபடி வந்தால் இப்படித்தான் தொடங்குவேன்: 'பாலாறு கெட்டதற்குக் காரணம், அதன் விலையை யாரும் கணக்கில் எழுதாதது.' மார்க் குறையலாம். பரவாயில்லை, தாத்தாவிடம் படித்துக் காட்டலாம்.

உங்கள் ஊரிலும் ஓர் ஆறு இருக்கும். அது யார் கணக்கில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.