திருவொற்றியூர்ப் பாடம்: ஒரு பழைய புல்லட்டை முன்வைத்து

சுவடிப் பதிப்பு வரலாற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கும். ஒரு நூலுக்குப் பல சுவடிகள் கிடைக்கின்றன. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. இவற்றுள் மூலம் எது? 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் முதலான பதிப்பாசிரியர்கள் இந்தக் கேள்வியோடுதான் காலம் கழித்தனர். இதே கேள்வி ஓர் இரும்பு இயந்திரத்தின் பொருட்டு நம் வீட்டு வண்டிக்கொட்டகையிலும் எழும் என்று நாம் எண்ணியதில்லை.

தந்தையார் 1971இல் வாங்கிய என்ஃபீல்டு புல்லட் அங்கே பதினெட்டு ஆண்டுகளாகச் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பொறியியல் படிப்பை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன், "மாமா, இத கஃபே ரேசரா மாத்திடலாம். பின்பக்க ஃபிரேம மட்டும் கொஞ்சம் வெட்டணும்" என்றான். நமக்கோ, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைய கோலத்தில் அதை மீண்டும் நிறுத்த வேண்டும் என்னும் ஆசை. இருவரும் வண்டியின் வரலாற்றைச் சரிவர அறியாமலே வாதிட்டோம் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். மிதிவண்டி செய்துவந்த ஒரு நிறுவனம், என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அதன் நினைவாகவே ராயல் என்ஃபீல்டு என்னும் பெயர் வந்தது. அதன் முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வெளிவந்தது. துப்பாக்கியோடு கொண்ட உறவை விடாமல் 1932இல் ஒரு வண்டிக்குப் புல்லட் என்று பெயரிட்டார்கள். நாம் இன்று அறியும் வடிவத்துக்கு மூதாதையோ 1949இல் சந்தைக்கு வந்த 350 சிசி வண்டி. பின்சக்கரத்துக்கு அசையும் கவையும் சுருள்வில்லும் வைத்தது அதன் புதுமை. பின்சக்கரம் இறுகப் பிணைக்கப்பட்ட வண்டிகளே பெரும்பான்மையாக இருந்த காலத்தில் அது துணிவான செயல்.

அதே 1949இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் ஆங்கிலேய வண்டிகளை இறக்குமதி செய்யத் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய இராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் விளைவாக 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தியாகராசர் கோயில் கொண்ட ஊர். பட்டினத்தார் அடங்கிய ஊர். சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்துவிட்டு அதை மீறிய சுந்தரர் கண்ணொளி இழந்த கதைக்கும் இடமான ஊர். முதலில் பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பின்னர் அச்சுகளும் கருவிகளும் வந்தன. அறுபதுகளின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே வார்க்கவும் கடையவும் பட்டன.

இதன்பின் நடந்ததுதான் வியப்பு. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த மற்றொரு பிரிவும் 1970இல் நின்றது. தாய்வீடு இல்லாமற்போன பிறகும் திருவொற்றியூரில் அதே வார்ப்பிரும்பு எஞ்சின், அதே 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட சிலிண்டர், வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்குமாக உருவாகிக்கொண்டே இருந்தது. 1977இல் இந்தப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. ரெட்டிச் வண்டிகளை வைத்திருந்த ஆங்கிலேயர்கள் திருவொற்றியூர் உதிரிபாகங்களை வாங்கிப் பொருத்தித் தங்கள் 'அசலை' ஓட்டினார்கள். தொண்ணூறுகளில் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2000களின் இறுதியில் புதிய எஞ்சின் வரும்வரை அந்தப் பழைய எஞ்சின் ஓயவில்லை. மூல ஏடு அழிந்துபோக, தொலைவூரில் படியெடுத்தவனின் பிரதியே நூலைக் காத்தது போன்றது இது. ஆகவே புல்லட்டைப் பொறுத்தவரை 'அசல்' என்பது தொடர்ந்து படியெடுக்கப்பட்டுவந்த ஒரு பாடம். அதை ஓர் ஊருக்கோ ஓர் ஆண்டுக்கோ உரியதாக்க இயலாது.

தங்கை மகன் விரும்பிய கஃபே ரேசருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இலண்டன் வட்டச் சாலையோரத்து ஏஸ் கஃபே போன்ற தேநீர்க் கடைகளில் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்கள் கூடினார்கள். பந்தய வண்டி வாங்கப் பணமில்லை. ஆகவே கையிலிருந்த வண்டியைக் குறைத்துக் குறைத்துப் பந்தய வண்டியாக்கினார்கள். கைப்பிடியைத் தாழ்த்தினார்கள், கால்மிதியைப் பின்தள்ளினார்கள், மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். மணிக்கு நூறு மைல் தொடுவது இலக்கு. நார்ட்டன் ஃபிரேமில் டிரயம்ப் எஞ்சினை வைத்து 'டிரைட்டன்' என்று பெயரிட்டார்கள். இந்த மோகத்தைக் கண்ட ராயல் என்ஃபீல்டும் அறுபதுகளின் நடுவில் கான்டினென்டல் ஜிடி என்னும் 250 சிசி வண்டியை ஆலையிலேயே அந்தக் கோலத்தில் செய்து விற்றது. பையன்களின் கைத்திருத்தம் நிறுவனத்தின் அச்சுப் பாடமாயிற்று.

நம் நாட்டிலும் திருத்தங்களுக்குக் குறைவில்லை. பெட்ரோல் விலைக்கு அஞ்சியவர்கள் புல்லட்டில் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். தொண்ணூறுகளில் நிறுவனமே 'டாரஸ்' என்னும் டீசல் புல்லட்டை விற்றது. ஆனால் சட்டம் இப்போது இறுகியிருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்துவது செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனி வரிசையில் பதிவதற்கான விதிகள் 2021இல் வந்தன. அவற்றின்படி, ஃபிரேமும் எஞ்சினும் பெரிய மாற்றத்துக்கு உட்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். தந்தையார் வண்டிக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ஃபிரேமை வெட்டினால் அந்தத் தகுதி போய்விடும். நம் கட்சி வென்றது என்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி வண்டியைப் பிரிக்கும்வரைதான் நீடித்தது.

பிரிக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்தோம். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் இட்டுச் சீட்டு ஒட்டினோம். முதல் தடை ஸ்பேனரில் வந்தது. பழைய ஆங்கிலேய அளவு நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முனைகள் மழுங்கிவிடும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்துள்ள எண்ணோ நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று; உள்ளே போகும் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிப்பது. இதை அறியாமல் இரண்டு நட்டுகளைப் பாழாக்கினோம். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக் துளை வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவைத்தபின்தான் அசைந்து கொடுத்தது.

சிலிண்டரை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த பெரியவர் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது ஏற்கெனவே ஒருவாட்டி போர் போட்ட வண்டி. இருபது சைஸ் பிஸ்டன் கெடக்கு" என்றார். சிலிண்டர் ஒருமுறை தேய்ந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு அகலப்படுத்தப்பட்டிருந்தது. கார்பரேட்டரும் பிற்காலத்து மிக்கார்ப். பெட்ரோல் டேங்கை உப்புத்தாள் கொண்டு தேய்த்தோம். மேலே சாம்பல் நிறம், அதன்கீழே பச்சை, அடியில் கறுப்பு. கறுப்பின்மேல் கையால் இழுத்த பொன்னிறக் கோட்டின் தடம் விரலளவு தெரிந்தது. ஒரே ஏட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று எழுத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பொருத்திய கம்பிவலையும் அதன்கீழே இரு கால்களையும் வைத்துக்கொள்ளும் பலகையும் போல்ட்டால் பூட்டியவை அல்ல; ஃபிரேமோடு வெல்டிங் செய்தவை. தந்தையாருக்குத் திருமணமான புதிதில் அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து செல்வதற்காகச் செய்வித்தது அது. ஆலைக் கோலத்தை மீட்க வேண்டுமானால் அதை அறுத்தெடுக்க வேண்டும். தங்கை மகனும் அறுக்க வேண்டும் என்றான். நாமும் அறுக்கத்தான் வேண்டும். அவன் வெட்ட நினைத்தது தாத்தாவின் வண்டியை. நாம் வெட்ட நினைத்தது தந்தையாரின் கையெழுத்தை. மீட்டெடுத்தல் என்ற பெயரில் நாமும் ஓர் அழித்தலுக்கே அணியமாக இருந்தோம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஒரு சுவடியில் பிற்காலத்தார் எழுதிய ஓரக்குறிப்பைப் பதிப்பாசிரியர் சுரண்டி எடுப்பதில்லை; இன்னது இன்னாருடையது என்று பிரித்துக் காட்டுகிறார். அந்த நெறியையே இருவரும் ஏற்றோம். ஃபிரேமில் இரம்பம் படாது. தந்தையாரின் வெல்டிங் அப்படியே இருக்கும். தங்கை மகனின் விருப்பங்களில் போல்ட்டால் பூட்டக்கூடியவை, கழற்றினால் தடம் தெரியாதவை, விதிக்கு உட்பட்டவை மட்டும் ஏறும். தாழ்ந்த கைப்பிடியும் ஒற்றை இருக்கையும் அவ்வாறு ஏறின. பழையவற்றைக் கிரீஸ் பூசித் துணியில் சுற்றிப் பரணில் வைத்தோம். டேங்கின் ஒரு மூலையில் மூன்று நிறமும் தெரியும் உள்ளங்கை அளவு இடத்தை வண்ணம் பூசாமல் மேலே மெருகெண்ணெய் மட்டும் தடவி விட்டோம். யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். தந்தையார் செய்தவற்றுள் தெரிந்ததை முதலில் எழுதி, தெரியாத ஆண்டுகளுக்கு இடம் விட்டோம்.

ஏழு மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் கணத்தில் நிறுத்தி, டிகம்ப்ரஷரைப் பிடித்துச் சற்றுத் தாண்டவிட்டு, பின் முழுமூச்சாக உதைக்க வேண்டும். தந்தையார் செய்யக் கண்டது காலுக்கு நினைவிருந்தது. ஐந்தாம் உதையில் வண்டி உயிர்த்தது. கொட்டகை வாசலுக்கு வந்த அம்மா கைப்பிடியைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு குனிந்து கால்பலகையைத் தொட்டுப் பார்த்து, "இத எடுக்காம விட்டீங்களே" என்றார். அது எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில் வைத்தது என்பதையும் சொன்னார். தங்கை மகன் உள்ளே ஓடி நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தான்.