எழுவகை மதமும் மாணாக்கர் பயிற்சியும்

தமிழ்நாட்டுப் பழைய கல்விமுறை மாணாக்கர்க்கு மனப்பாடம் ஒன்றனையே கற்பித்தது என்றும், தம் கருத்தை எடுத்து நிறுவும் கட்டுரைத்திறம் மேனாட்டுக் கல்வியோடு ஈண்டு வந்தது என்றும் கூறுவார் பலர். உரைநடைக் கட்டுரை என்னும் வடிவைப் பொறுத்தவரை இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், கருத்தொன்றை நிறுவுதற்கும், நிறுவியதைத் திருத்துதற்கும் வேண்டிய பயிற்சியும் நம்மிடம் இல்லையென்றல் பொருந்துமா? நன்னூற் பாயிரங்கொண்டு இதனை ஆராய்வாம்.

மூன்றாம் குலோத்துங்கன் (1178 - 1218) காலத்தில், சீயகங்கன் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் 11ஆம் நூற்பா எழுவகை மதங்களை வகுக்கின்றது. மதம் என்பது ஈண்டுக் கொள்கை, சமயம் அன்று. பிறர் கொள்கைக்கு உடன்படுதலும், அதனை மறுத்தலும் முதலிரண்டு. முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல் மூன்றாவது. தானே ஒன்றனை நாட்டி அதனை நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டவழி ஒருவர்பக்கம் துணிதல், பிறர்நூலின் குற்றங் காட்டல், பிறிதொன்றனோடும் படாது தன்மதங் கொள்ளல் என்பன எஞ்சியவை. கருத்துரைக்கப் புகும் ஒருவன் நிற்கக்கூடிய நிலைகள் அனைத்தும் இவற்றுள் அடங்கும். இவற்றுள் மூன்றாவது நம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. மாற்றானது கொள்கையை அதன் முழுவலிமையோடும் ஏற்று நின்றாலன்றி அதனைக் களைதல் இயலாது. இற்றை மாணாக்கர் கட்டுரைகளில் அரிதாகக் காணப்படுவதும் இதுவே. மறுப்பு விரைந்து வருகின்றது, மறுக்கப்படுவது யாதென்னும் தெளிவு வருவதில்லை.

தொல்காப்பியம் இதற்கு மாறன்றோ எனின், அற்றன்று. மரபியல் கூறும் பத்துச் சிதைவுகளுள் தன்னான் ஒருபொருள் கருதிக் கூறல் என்பதும் ஒன்று. இதனை மட்டும் நோக்குவார், தொல்காப்பியர் தற்கருத்தையே குற்றமாக்கினார் என்று கொள்ளக்கூடும். அவ்வியலின் இறுதியில் நிற்கும் முப்பத்திரண்டு உத்திகளுள் தன்கோட் கூறலும், மறுதலை சிதைத்துத் தன்துணிபு உரைத்தலும் இடம்பெற்றுள்ளன. ஒரே ஆசிரியர் ஒன்றனையே குற்றமாகவும் உத்தியாகவும் கொள்ளார். ஆகலின், வழக்கினும் செய்யுளினும் சான்றில்லாத ஒன்றனைத் தானே கற்பித்துரைத்தலே சிதைவு எனப்பட்டது என்பது எம் துணிபு. சான்றுடைய தன்கோள் தொல்காப்பியர்க்கும் உடன்பாடே. பவணந்தியார் அச்சிதைவைத் தம் பட்டியலில் விடுத்து, மதங்களைத் தனி நூற்பாவாக்கினார். விலக்காக நின்றது இவ்வாறு பயிற்சியாக மாறியது.

மதங்களை அடுத்துப் பத்துக் குற்றங்களை 12ஆம் நூற்பாவிலும், பத்து அழகுகளை 13ஆம் நூற்பாவிலும் வைத்தமை கருதத்தக்கது. குற்றங்களின் மறுதலையே குணம் என்னும் அளவில் தொல்காப்பியர் அமைந்தார். நன்னூலார் அழகுகளை வேறு எண்ணினார். குற்றங்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல், மாறுகொளக்கூறல் என்பன இருவர்க்கும் பொது. மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல் என்பவற்றைத் தொல்காப்பியர் பட்டியலில் காண்கிலோம். இவ்விரண்டும் ஒரு சொல்லிலோ தொடரிலோ காணப்படும் குற்றங்கள் அல்ல. எடுத்த பொருளை விட்டு வேறொன்றிற் பரந்ததும், பெருமிதமாகத் தொடங்கியது போகப்போக மெலிந்து முடிந்ததும் முழுவதையும் மீளப் படிப்பவனுக்கே புலனாகும். எனவே, எழுதியதை முதலிலிருந்து முடிவுவரை மீண்டும் நோக்கும் வழக்கத்தை இப்பட்டியல் குறிப்பாற் பெறவைக்கின்றது. இன்றோ ஆசிரியர் பலர் சிவப்பு மையால் வழூஉச்சொற்களை மட்டும் சுழித்து அமைகின்றனர். பத்தனுள் ஒன்றே திருத்தம் பெறுகின்றது.

இனி, மாணாக்கர் இயல்பு கூறும் பகுதி. கேட்டதை அவ்வாறே திருப்பிக் கூறும் கிளியைப் பாயிரம் தலைமாணாக்கர்க்கு உவமையாக்கவில்லை, இடைமாணாக்கர்க்கே ஆக்கிற்று. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை இருந்து அசைபோடும் பசுவுமே தலைமாணாக்கர்க்கு உவமைகள். மனப்பாடமே கல்வி என்பார் இதனை நோக்குவாராக. பாடம் போற்றல் வேண்டும் என்பதனை நன்னூல் மறுக்கவில்லை. அதனோடு நின்றுவிடவும் இல்லை. ஆசிரியன் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் புலமையிற் காற்பங்கே எய்தும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் எய்தும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரை எய்தும் என்பது அதன் கணக்கு. கருத்தெழுதும் பயிற்சிக்கு இக்கணக்கு மிகப் பொருந்தும். தோழர் வினவ விடைகூறும்போதே தன் வாதத்தின் ஓட்டை எங்குள்ளது என ஒருவன் அறிகின்றான்.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றதன்று என்பதற்குச் சான்று நன்னூலின் உரை வரலாறே. சாமிநாத தேசிகரின் மாணாக்கராகிய சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை கண்டார். பின்னர்த் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் (மறைவு 1785) அதனைத் திருத்தினார். முழுவதும் மறுத்துப் புதியதோர் உரை செய்யும் ஆற்றல் அவர்க்கு இருந்தது. எனினும் முன்னோர் உரையைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு, வேண்டியவிடத்துக் களைந்தும் பெய்தும் செப்பஞ் செய்தார். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தின்மேல் சூறாவளி எழுப்பியவரும் அவரே. பிறர்நூற் குற்றங் காட்டல் என்னும் மதம் ஆண்டு எல்லை கடந்து கடுமையாயிற்று என்றே யாம் கருதுகின்றோம். ஒரே கையில் திருத்தமும் தாக்குதலும் பிறந்தமையால், இரண்டன் பயனையும் ஒப்பிட்டு அறிய இயலுகின்றது. சங்கரநமச்சிவாயர் உரையை உ. வே. சாமிநாதையர் 1925இல் தனியே பதிப்பித்துள்ளார். அதனையும் முனிவர் திருத்திய விருத்தியையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம் எழுதுமாறு முதுகலை மாணாக்கரை ஏவலாம். பாயிரப் பகுதியிலிருந்தே தொடங்குதல் நன்று.