கண்காணிப்பு

'கண்', 'காண்' இரண்டும் கூடிய சொல். கண்ணால் பார், விடாமல் பார், பொறுப்போடு பார் என்பது பொருள். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்' வருகிறார்கள். கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள், ஊரறிந்த மனிதர்கள். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் இச்சொல்லே கங்காணி ஆயிற்று. ஆள் சேர்த்தவர், கடன் கொடுத்தவர், வேலை வாங்கியவர் எல்லாம் அவரே. ஆங்கில அகராதியிலும் கங்காணி ஏறிவிட்டார். தமிழ்நாட்டில் மாவட்டக் காவல்துறைக்குத் தலைவர், காவல் கண்காணிப்பாளர்.

கோயிலிலும் தோட்டத்திலும் கண்காணித்தவருக்கு ஒரு முகம் இருந்தது. அவரிடம் கேள்வி கேட்கலாம், அவரை வெறுக்கவும் செய்யலாம். இன்று பார்ப்பது கேமரா. இந்த மாற்றத்தைச் சிறியதென்று நான் நினைக்கவில்லை. முகமில்லாத இயந்திரத்துக்கு எல்லை எது என்று வேறு ஊரிலும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019இல் முக அடையாள மென்பொருளைக் காவல்துறைக்குத் தடைசெய்தது. அதே நகரமன்றம் 2022 நவம்பரில், ஆளைக் கொல்லக்கூடிய ரோபோக்களைப் போலீஸ் பயன்படுத்த இசைந்தது; மக்கள் எதிர்க்கவே, ஒரே வாரத்தில் பின்வாங்கியது.

தமிழ்நாடு காவல்துறையிடம் முக அடையாள மென்பொருள் இருக்கிறது. நம் முகப்படத்தை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று நாமும் கேட்க வேண்டும்.