இறந்தோருடன் பேசும் கருவி: ஒரு புனைவு வகையின் வரலாறு

செத்தவரோடு பேச ஒரு கருவி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் கதைகள் அறிவியல் புனைவில் ஒரு தனிக் கிளை. பேய்க்கதையில் ஆவி தானாக வரும். இவற்றில் பெரும்பாலும் காசு கட்டினால் வரும். இழவு வீட்டுத் துக்கமும் வியாபாரக் குழைவும் ஒரே அறையில் உட்காருவதால்தான் இந்தக் கதைகளில் சிரிப்பு இவ்வளவு கறுப்பாக இருக்கிறது.

1844இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி போனது. நான்கே ஆண்டுகளில், நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில்லில், ஆவி தட்டித் தட்டிப் பேசுவதாக பாக்ஸ் சகோதரிகள் சொன்னார்கள். எங்கோ இருக்கும் ஆள் தட்டியே சேதி சொல்லலாம் என்று தந்தி காட்டியிருந்த காலம். ஊர் நம்பியதில் வியப்பில்லை. கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் ஓசை எழுப்பினோம் என்று மார்கரெட் பாக்ஸ் 1888இல் மேடையேறி ஒப்புக்கொண்ட பிறகும் நம்பியவர்கள் விடவில்லை. இறந்தோர் தொடர்புகொள்ள ஒரு கருவி செய்துவருவதாக எடிசனே 1920இல் பேட்டி கொடுத்தார்.

கதையில் இதை முதலில் நுட்பமாகத் தொட்டவர்களில் ஒருவர் கிப்ளிங். அவரது ‘வயர்லெஸ்’ (1902) ஒரு மருந்துக்கடையில் நடக்கிறது. பின்னறையில் கம்பியில்லாத் தந்திச் சோதனை. முன்னறையில் காசநோய்க்காரக் கடை உதவியாளன், தான் படித்தேயிராத கவிஞர் கீட்ஸின் வரிகளைத் தன்னை மறந்து எழுதுகிறான். கடைசியில் தந்தியில் அகப்படுவதோ, ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காத இரண்டு கப்பல்களின் புலம்பல்.

இந்த வகையின் உச்சம், என் கணிப்பில், பிலிப் கே. டிக்கின் ‘யுபிக்’ (1969) நாவல். அதில் இறந்தோரை சூரிக் நகரில் குளிரூட்டிப் பாதி உயிரில் வைத்திருக்கிறார்கள். முதலாளி ரன்சிட்டர் அங்கே கிடத்தியிருக்கும் மனைவியிடம் போவது உருகி அழ அல்ல. கம்பெனி விவகாரத்தில் யோசனை கேட்க. பேசப் பேச அவளிடம் மிஞ்சியுள்ள ஆயுள் கரையும். பாதிப் பேச்சில், பக்கத்தில் கிடத்தியிருக்கும் ஜோரி என்ற பையன் குறுக்கே புகுந்துவிடுகிறான். இன்னொரு பக்கம், ரன்சிட்டரின் ஊழியர் ஜோ சிப்பின் வீட்டுக் கதவு ஐந்து சென்ட் கொடுத்தால்தான் திறப்பேன் என்கிறது. சிப் கத்தியால் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்ததும், வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறது. கதவுக்கே இவ்வளவு கறார் என்றால் சாவுக்கு எவ்வளவு இருக்கும்!

தொலைக்காட்சியில் இதை எல்லாரும் அறியச் செய்தது சார்லி புரூக்கரின் ‘பிளாக் மிரர்’ தொடரில் 2013இல் வந்த ‘பி ரைட் பேக்’. கார் விபத்தில் காதலனை இழந்த மார்த்தாவுக்கு, அவனைப் போலவே பேசும் செயலியிடமிருந்து முதலில் எழுத்து அரட்டை, பிறகு குரல், கடைசியில் உடம்பு. அந்தக் குரல் பேசும் கைபேசி கீழே விழுந்து உடைந்ததும், அவன் இன்னொரு முறை செத்ததுபோல் அவள் பதறுகிறாள். உடம்போ பெட்டியில் வந்து இறங்குகிறது. குளியல் தொட்டியில் ஊறப்போட வேண்டும்.

நிஜம் பின்னாலேயே வந்தது. யூஜீனியா குய்டா, இறந்த நண்பரின் குறுஞ்செய்திகளைக் கொண்டு 2016இல் ஓர் அரட்டைச் செயலி செய்தார். 2022இல் அமேசான், இறந்த பாட்டியின் குரலில் அலெக்சா பேரனுக்குக் கதை படிப்பதை மேடையில் காட்டியது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான பதிவே போதுமாம்.

இந்த நிஜக் கருவிகளுக்கு முன்பே, ஜோர்டன் ஹாரிசனின் ‘மார்ஜரி பிரைம்’ (2014) நாடகம் கருவியை விட்டுவிட்டு அதற்குத் தீனி போடுபவர்களைப் பார்த்தது. உயிரோடு இருப்பவர் சொல்லிக்கொடுத்தால்தான் கிழவி மார்ஜரியின் இறந்த கணவனைப் போலச் செய்த பிம்பத்துக்குப் பழைய கதை தெரியும். திருமணப் பேச்சு எழுந்த இரவில் இருவரும் பார்த்த படம் ‘மை பெஸ்ட் பிரண்ட்ஸ் வெட்டிங்’. மார்ஜரிக்கு அது பிடிக்கவில்லை. ‘காசாபிளாங்கா’ பார்த்ததாக வைத்துக்கொள்ளலாமே என்கிறாள். அடுத்த பேச்சுக்குள் அதுவே உண்மையாகிவிடும் என்பது அவள் கணக்கு.