பிரெஞ்சு மொழியின் ஒழுங்கற்ற வினைகள்

அகராதி வடிவத்தின் ஈற்றைக் களைந்து, எஞ்சும் பகுதியோடு இடம், எண், காலம் காட்டும் விகுதிகளைச் சேர்ப்பது பிரெஞ்சு வினைத்திரிபின் பொதுவிதி. பகுதி மாறியோ விகுதி வேறுபட்டோ இவ்விதியை மீறும் வினைச்சொற்கள் ஒழுங்கற்ற வினைகள் எனப்படும். எண்ணிக்கையில் இவை குறைவு. ஆனால் எத்ர் (இரு), அவ்வார் (உடைமை), அலே (போ), ஃபேர் (செய்), தீர் (சொல்), வெனீர் (வா) என, பேச்சில் ஓயாமல் புழங்கும் வினைகள் இவையே. அதனால் பிரெஞ்சு கற்பவர் தொடக்கப் பாடங்களிலேயே இவற்றைச் சந்திக்கிறார். இக்கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்கள் ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன. சொல்லிறுதி ‘ங்’ மூக்கொலியைக் குறிக்கும்.

வகைப்பாடு

பள்ளி இலக்கணம் வினைகளை மூன்று குழுக்களாகப் பிரிக்கிறது. பார்லே (பேசு) போல ‘ஏ’ ஒலியில் முடிபவை முதற்குழு. பிரெஞ்சு வினைகளில் சுமார் 90 விழுக்காடு இதில் அடங்கும். ஃபினீர் (முடி) போல ‘ஈர்’ என முடிந்து, பன்மையில் ‘இஸ்’ என்ற ஒலியை இடையில் ஏற்பவை இரண்டாம் குழு. இவை 300-க்குச் சற்று மேல். எஞ்சியவை மூன்றாம் குழு, 400-க்கும் குறைவு. ஒழுங்கற்ற வினைகள் இக்குழுவைச் சேர்ந்தவை. அலே ‘ஏ’ ஒலியில் முடிந்தாலும் இங்கேதான் வைக்கப்படுகிறது. துணைவினைகளாகவும் வருவதால் எத்ர், அவ்வார் இரண்டையும் பல நூல்கள் தனியே கூறும்.

மூன்றாம் குழு இன்று வளர்வதில்லை. தொலைபேசி வந்தபோது பிறந்த தெலெஃபோனே என்ற வினை முதற்குழுவில் சேர்ந்தது. நிலவில் இறங்குதலைக் குறிக்கும் அலுனீர் இரண்டாம் குழுவில் சேர்ந்தது.

தோற்றம்

இவ்வினைகளின் மாற்றங்களுக்குப் பெரும்பாலும் இலத்தீனில் காரணம் உண்டு. வெனீர் நிகழ்காலத்தில் ஒருமையில் மூவிடத்திலும் வியேங் என ஒலிக்கும். ‘நாம்’ என்பதற்கு வெனோங், ‘நீங்கள்’ என்பதற்கு வெனே, ‘அவர்கள்’ என்பதற்கு வியென். இலத்தீனில் ஒருமையிலும் படர்க்கைப் பன்மையிலும் அழுத்தம் பகுதியின் மேல் விழுந்தது. அந்த உயிரொலி அகன்று ‘இயே’ ஆயிற்று. மற்ற இரண்டிலும் அழுத்தம் விகுதிக்குப் போனதால் பகுதி மெலிந்தே நின்றது. பூவ்வார் (இயலு), தெவ்வார் (கடமைப்படு), ப்வார் (குடி) ஆகியவற்றிலும் இதே பிளவைக் காணலாம்.

பழைய பிரெஞ்சில் பல வினைகள் இவ்வாறு மாறின. பிற்காலத்தில் பெரும்பாலானவை ஒரே பகுதிக்குச் சமன்பட்டன. இன்று த்ரூவ் (காண்கிறான்) என ஒழுங்காக வரும் வடிவத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் மோலியேரும் லா ஃபொந்தேனும் த்ரெவ் என்றும் எழுதியுள்ளனர். அடிக்கடி காதில் விழுந்து நினைவில் ஊன்றிய வினைகள் மட்டும் பழைய உருவத்தைக் காத்துக்கொண்டன. தமிழில் ‘வா’ என்பது வந்தான், வருவான் என மாறுவதும், ‘தா’ என்பது தந்தான், தருவான் என மாறுவதும் இதற்கு ஒப்பானவை.

சில வினைகளில் வெவ்வேறு வேர்கள் ஒன்றுகூடியுள்ளன. அலே வினையின் வே (போகிறேன்), அலோங் (போகிறோம்), இரே (போவேன்) ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை அல்ல. வே என்பது வாதெரே என்ற இலத்தீன் வினையிலிருந்தும், இரே என்பது ஈரே என்ற வினையிலிருந்தும் வந்தவை.

ஒழுங்கின்மைக்குள் ஒழுங்கு

மாற்றங்கள் சில இடங்களில் மட்டுமே நிகழ்கின்றன. ‘நீங்கள்’ என்பதற்குரிய வடிவம் ஏறத்தாழ எல்லா வினைகளிலும் ‘ஏ’ ஒலியில் முடியும். எத், ஃபேத், தீத் என்ற மூன்றும் அவற்றின் சில கூட்டு வினைகளுமே விலக்கு. ‘அவர்கள்’ என்பதற்குரிய நிகழ்கால வடிவம் சோங் (இருக்கிறார்கள்), ஓங் (உடையர்), ஃபோங் (செய்கிறார்கள்), வோங் (போகிறார்கள்) என்ற நான்கில் மட்டும் ‘ஓங்’ ஒலி பெறும்.

எதிர்கால விகுதிகள் எந்த வினையிலும் மாறுவதில்லை. அவை அவ்வார் வினையின் நிகழ்கால வடிவங்களிலிருந்து பிறந்தவை. பகுதி மட்டுமே மாறும்: செரே (இருப்பேன்), ஓரே (உடையேன் ஆவேன்), ஃபெரே (செய்வேன்), வியேங்த்ரே (வருவேன்). இறந்தகாலத்தில் தொடர்ந்த செயலைக் காட்டும் எம்பார்ஃபே வடிவம் இன்னும் சீரானது. ‘நாம்’ வடிவத்தின் ‘ஓங்’ விகுதியை நீக்கிப் புது விகுதி சேர்த்தால் போதும்: ப்யூவோங் (குடிக்கிறோம்), ப்யூவே (குடித்துக்கொண்டிருந்தேன்). இதற்கு அடங்காத ஒரே வினை எத்ர்.

கற்கும் முறை

ஒவ்வொரு வினைக்கும் எல்லா வடிவங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நிகழ்காலத்தின் ‘நான்’, ‘நாம்’, ‘அவர்கள்’ வடிவங்கள், எதிர்காலப் பகுதி, இறந்தகால எச்சம் ஆகிய ஐந்தும் கைவசம் இருந்தால் பேச்சுக்கு வேண்டிய பெரும்பகுதியை ஆக்கிக்கொள்ளலாம். விருப்பமும் ஐயமும் காட்டும் சுப்ழோங்க்திஃப் வடிவத்தில் ஃபாஸ் (செய்), சாஷ் (அறி), ப்யுயிஸ் (இயலு) போன்ற சிலவற்றைத் தனியே பழக வேண்டும்.

வினைகளைக் குடும்பமாகப் படிப்பது இன்னொரு வழி. வெனீர் தெரிந்தவருக்கு ரெவெனீர் (திரும்பி வா), தெவெனீர் (ஆகு), தெனீர் (பிடி) ஆகியவையும் தெரிந்தவையே. ஆனால் தீர் குடும்பத்தில் கவனம் தேவை. ரெதீர் (மீண்டும் சொல்) மட்டும் மூல வினை போலவே ரெதீத் என வரும். எங்தெர்தீர் (தடைசெய்) எங்தெர்திசே என ஒழுங்குக்குத் திரும்பும்.

பாடநூல் மரபில் பெஷெரெல் சகோதரர்களின் நூல் முக்கியமானது. 1842-இல் வெளிவந்த அவர்களது வினைத்திரிபுக் கையேடு 8,000 வினைகளின் அகராதியாக அமைந்தது. இன்று பிரான்ஸில் ‘பெஷெரெல்’ என்றாலே வினைத்திரிபு நூல் என்று பொருள். அதில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு மாதிரி அட்டவணையின் எண் தரப்பட்டிருக்கும்.

பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இவ்வினைகளில் தடுமாறுகின்றனர். ப்ராந்த்ர் (எடு) வினையின் இறந்தகால எச்சம் ப்ரி. குழந்தைகள் அதைப் பொதுவிதிப்படி ப்ராந்த்யூ என்கின்றனர். விதி மனத்தில் பதிந்துவிட்டதற்கு இப்பிழையே சான்று. விலக்குகள் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வந்து சேரும். அயல்மொழியாகக் கற்பவரின் பாதையும் இதுவே. ‘கற்றல்’ என்ற பொருள் தரும் அப்ராந்த்ர் என்ற வினைகூட அதே ப்ராந்த்ர் குடும்பத்து ஒழுங்கற்ற வினைதான்.